தில்லியில் வீட்டின் எரிசக்தித் திறனை அளந்து தரும் சேவை

மயூர் விகாரில் மேல்தளத்து வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கும் முன், அதன் எரிசக்தித் திறனை அளந்து அறிக்கை தரும் தனியார் நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். பிற்பகல் வெயிலில் வந்த பொறியாளர், அகச்சிவப்பு வெப்பமானியை முதலில் கூரையின் அடிப்பக்கத்திலும் பிறகு மேற்குச் சுவரிலும் நீட்டிப் பார்த்துவிட்டு, இங்கே நள்ளிரவு வரை ஏசி ஓடவேண்டியிருக்கும் என்றும், அதற்குக் காரணம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்கும் கான்கிரீட் கூரைதான் என்றும் பொறுமையாக விளக்கினார். புதிய குடியிருப்புகளுக்காக 2018இல் வெளியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பின்படி, கூரையின் வெப்பக் கடத்துகை, அதாவது அதன் வழியே உள்ளே கடக்கும் வெப்பத்தின் அளவு, சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வின் வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது. வெப்பக்காப்பு இல்லாத வெறும் கான்கிரீட் கூரை அந்த வரம்பை வெகுவாகத் தாண்டிவிடும். ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்த நட்சத்திரங்கள் நெருடின. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2019இல் வீடுகளுக்கென அறிமுகப்படுத்திய நட்சத்திர முத்திரை வேறு, இது அந்நிறுவனம் தானாகவே போட்டுக்கொண்ட மதிப்பெண். இங்கிலாந்தில் வீட்டு விற்பனைக்கும் வாடகைக்கும் எரிசக்தித் திறன் சான்றிதழ் கட்டாயம்; இங்கே அப்படி இல்லாததால் வீட்டு உரிமையாளர் அறிக்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டணம் சற்று மிகுதிதான் என்பதால், மேல்தளத்து வீடுகளுக்கு மட்டும் இச்சேவையைப் பரிந்துரைப்பேன்.