மணவறையில் பிளாஸ்டிக் மல்லிகை: டர்பனில் கல்யாணப் பூவுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு

என் அக்காள் மகளுக்குத் தாய்மாமன் மாலையாக நான் போட்டது ஒரு துணிப்பூ மாலை. கையில் வாங்கிய அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டிய மாலை என்றால் கை தாழும், ஈரம் விரலில் படும். இது காற்றுப் போல் இருந்தது. ஆனால் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, குருக்கள் அழைத்துவிட்டார், பெண் தலை குனிந்து நிற்கிறாள். போட்டுவிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இது நடந்தது 2023 நவம்பரில், கந்த சஷ்டி விரதம் முடிந்த கையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மண்டபம். அலங்காரக்காரரின் பெயரையோ கடையையோ நான் சொல்லப் போவதில்லை. அவர் ஒருவரோடு இது முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அவர் விலைப்பட்டியலில் எழுதியிருந்த ஒரே ஒரு வாசகம் வேறு பலருடைய விலைப்பட்டியலிலும் இருக்கிறது. பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்த மூன்று குடும்பங்களின் தாளில் அதே வாசகத்தைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அறியாமல் போய் விழுந்தவர்கள் அல்லர். அசல் பூவா செயற்கைப் பூவா என்று வீட்டில் இரண்டு வாரம் பேசினோம். அக்காவுக்கு எல்லாமே அசல் பூவாக வேண்டும். மச்சான் கணக்குப் பார்க்கிறவர். "வாசல் வளைவும் கூரையும் பத்தடி உயரத்தில் இருக்கின்றன. அங்கே போய் யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நவம்பரில் டர்பனின் புழுக்கம் தெரியாதவர்கள் நம்மில் யார்? அதிகாலை ஐந்து மணிக்குக் கட்டித் தொங்கவிட்ட ரோஜா, முகூர்த்தம் வருவதற்குள் தலை தொங்கிவிடும். உயரத்தில் இருப்பதற்குத் தண்ணீரும் தெளிக்க முடியாது. ஆகவே ஒரு முடிவுக்கு வந்தோம். வாசல் வளைவு, கூரை, வரவேற்பு மேசையின் பின்திரை ஆகிய மூன்றும் செயற்கைப் பூ. மணவறைத் தூண்கள், தாய்மாமன் மாலை, மணமக்கள் மாற்றிக்கொள்ளும் இரண்டு மாலைகள், பெண்ணின் தலைப்பூ எல்லாம் அசல் பூ. இந்தப் பங்கீட்டில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. செயற்கைப் பூவின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வாடகைக்கு எடுத்து நாலு கல்யாணத்துக்குத் தொங்கவிட்டால் செலவும் மிச்சம். கழுத்துக்கும் அக்கினிக்கும் பக்கத்தில் அது வரக்கூடாது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அலங்காரக்காரரின் வரவேற்பறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னோம். அவரும் ஒரு மாதிரி மாலையைக் காட்டினார். சிவப்பு ரோஜா, இடையிடையே சம்பங்கி, அடியில் மரிக்கொழுந்துக் குஞ்சம், வாழைநாரில் இறுக்கிக் கட்டியது. அக்கா அதைக் கையில் ஏந்தி நின்றபோது நான் ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. மொத்தம் 24,000 ரேண்ட். பாதி முன்பணம். மீதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் ஞாயிறு வண்டி கிளம்பாது என்றார். கொடுத்தோம்.

விலைப்பட்டியலில் இப்படி இருந்தது: "மணவறைப் பூ அலங்காரம், மல்லிகை, ரோஜா: 9,600. மாலைகள், 3: 4,800." அதன் அடியில் பொடி எழுத்தில், "பருவத்துக்கும் கையிருப்புக்கும் ஏற்ப மாற்றுப் பூ பயன்படுத்தப்படும்." நான்தான் அதைப் படித்தேன். ரோஜா கிடைக்காவிட்டால் கார்னேஷன் வைப்பார், மல்லிகை கிடைக்காவிட்டால் வெள்ளைச் சாமந்தி வைப்பார் என்று புரிந்துகொண்டேன். யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். "மாற்றுப் பூ" என்ற இரண்டு சொல்லுக்குள் பாலியெஸ்டரும் அடங்கும் என்று யாருக்குத் தோன்றும்?

சனிக்கிழமை இரவு நலங்கு முடிந்து மண்டபத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அங்கே வேறொரு விருந்து நடந்துகொண்டிருந்தது. காலையில்தான் உள்ளே விடுவார்கள். ஞாயிறு எட்டு மணிக்குப் போனபோது மணவறை எழும்பி நின்றது. தூரத்திலிருந்து அழகாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. தூண்களில் மல்லிகைச் சரம் சரமாகத் தொங்கியது. ஆனால் அவ்வளவு மல்லிகை தொங்குகிற இடத்தில் வாசனை இல்லை. அந்தக் காலையில் எனக்கு அது உறைக்கவில்லை. சமையல்காரர் வாழையிலை போதவில்லை என்கிறார், மாப்பிள்ளை வீட்டார் வெருலத்திலிருந்து கிளம்பிவிட்டோம் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். மாலைகள் கண்ணாடித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, மேலே பன்னீர் தெளித்து, நாலைந்து அசல் ரோஜா இதழ்களைத் தூவி, பெண் அறை வாசலில் வைக்கப்பட்டிருந்தன. பெட்டியைத் திறந்தால் ரோஜா மணந்தது. அந்த மணம் எதற்காகத் தெளிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. கை தவறி நேர்ந்த பிழைக்கு யாரும் பன்னீர் தெளித்து வைப்பதில்லை.

பிறகு நடந்தவை இரண்டு. முதலாவது, பெண்ணின் கழுத்து. துணிப்பூவின் காம்பு, மெல்லிய கம்பி. அதன் முனை ஒவ்வொரு அசைவிலும் கீறியது. தாலி கட்டும் நேரத்தில் பிடரியில் சிவந்த கோடுகள் விழுந்திருந்தன. வியர்வை பட்டதும், பன்னீர் பட்டதும், சிவப்புச் சாயம் கரைந்து சந்தன நிறக் கூறைப் புடவையின் தோள்பட்டையில் இறங்கியது. அக்கா காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்த புடவை. இரண்டு சலவைக்காரர்கள் முயன்றும் அந்தக் கறை முழுவதும் போகவில்லை.

இரண்டாவது, நெருப்பு. குருக்கள் நெய் ஊற்றியபோது ஓமத் தீ எழுந்தது. பக்கத்துத் தூணில் தாழத் தொங்கிய ஒரு சரம் சுருண்டு, கறுத்து, சொட்டியது. அசல் மல்லிகையில் ஈரம் இருக்கிறது. சூடு பட்டால் வதங்கும், கருகும், அதோடு சரி. பாலியெஸ்டர் உருகி ஒழுகும். ஒழுகும் துளி தோலில் ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளையின் தம்பி எட்டி அந்தச் சரத்தை இழுத்து எறிந்தான். அவன் விரலில் இரண்டு கொப்புளம். பெண்ணின் பட்டுத் தலைப்பு அந்த இடத்திலிருந்து ஒரு முழம் கூட இல்லை. மண்டபம் முழுவதும் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். ஓமப்புகையில் அந்த நாற்றம் கலந்ததை அக்கா தாங்கிக்கொள்ளவே இல்லை.

எங்கள் பாட்டி மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவள். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, பெரும்பாலும் தமிழர்கள். 1960களில் அங்கிருந்தவர்களை இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபோது அவள் கொண்டுவந்த மூட்டையில் செவ்வந்தி விதையும் இருந்தது என்று அம்மா சொல்வாள். எங்கள் குடும்பத்தில் அம்மா தலைமுறைவரை கல்யாண மாலை வீட்டில்தான் கட்டப்பட்டது, வீட்டு முற்றத்துப் பூவில். பணம் இருந்ததனால் அல்ல, பணம் இல்லாததனால். கையில் காசு வந்த பிறகு நாங்கள் கட்டுவதை விட்டுவிட்டு வாங்கத் தொடங்கினோம். அன்று என் கையில் இருந்த மாலையைப் பாட்டி பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்ற எண்ணம்தான் என்னை நீதிமன்றம்வரை கொண்டுபோனது.

அலங்காரக்காரரிடம் கேட்டோம். முதலில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ரோஜா வழியிலேயே வாடிவிட்டது என்றார். பெரிய பூ ஏலச் சந்தை அங்கேதான் இருக்கிறது. டர்பனுக்குச் சாலை வழியாக 550 கிலோமீட்டருக்கும் மேல். நடக்கக்கூடியதுதான். அடுத்த நாள், மின்வெட்டில் குளிர் அறை நின்றுபோனது என்றார். அதுவும் அந்த நாட்களில் நடக்கக்கூடியதுதான். "சரி, பூ வாங்கிய ரசீதைக் காட்டுங்கள்" என்றேன். அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம் அனுப்பினார். விலைப்பட்டியலின் பொடி எழுத்து வரி, சிவப்பு வட்டம் போட்டு.

இந்த நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. மாதிரியைக் காட்டியோ விவரித்துச் சொல்லியோ ஒரு பொருளை விற்றால், கொடுக்கும் பொருள் அந்த மாதிரிக்கும் விவரத்துக்கும் ஒத்திருக்க வேண்டும் என்கிறது அது. எங்களிடம் மாதிரி மாலையின் படம் இருந்தது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை கோரலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை. நாமே பேச வேண்டும். முதலில் எழுத்தில் கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். மாலைக்கு 4,800, மணவறைப் பூவுக்கு 9,600, சலவைக்கு 900, ஆக 15,300 கேட்டேன். பதினோராம் நாள் அலங்காரக்காரர், 5,000 தருகிறேன், விஷயத்தை இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். மச்சான் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றாள். நான் அக்கா பக்கம்.

விசாரணை ஒரு சாயங்காலம் நடந்தது, முக்கால் மணி நேரம். அங்கே நீதிபதி இடத்தில் இருக்கும் ஆணையர் அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. இந்த மாதிரி உங்களுடையதா? அசல் பூ வாங்கிய ரசீது இருக்கிறதா? முதல் கேள்விக்கு அலங்காரக்காரர் ஆம் என்றார். இரண்டாவதற்குப் பதில் இல்லை. பை நிறையத் துணிப்பூ மாலைகளை நான் மேசைமேல் வைத்தேன். 12,000 ரேண்ட் திருப்பித் தரச் சொன்னார்கள். மூன்று தவணையில் வந்தது.

ஆகவே, கல்யாணம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உங்கள் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். "மாற்று" என்ற சொல் இருந்தால் அதன் பக்கத்தில் "அசல் பூவுக்கு அசல் பூ மட்டுமே" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எந்த இடத்துக்கு அசல், எந்த இடத்துக்குச் செயற்கை என்பதை இடம் இடமாக எழுதச் சொல்லுங்கள். "சில்க் பூ" என்று எழுதியிருந்தால் பட்டு என்று எண்ணிவிடாதீர்கள், பெரும்பாலும் அது பாலியெஸ்டர்தான். மீதிப் பணத்தில் ஒரு பங்கையாவது மணவறையைத் தொட்டுப் பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள், மறுக்கிறவரை விட்டுவிடுங்கள். செயற்கைப் பூ எதுவானாலும் ஓம குண்டத்திலிருந்து எட்டக் கட்டச் சொல்லுங்கள். மேலே பறக்கும் பொறியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாலையை மட்டும் அலங்காரக்காரர் கையில் விடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். மாலை கட்டத் தெரிந்த பெண்கள் நம் கோயில்களைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள். நேரில் போய், பூவின் பெயர் சொல்லி, முன்கூட்டியே கேளுங்கள். மல்லிகை மொட்டு பறித்த அன்று சாயங்காலமே மலர்ந்துவிடும். காலை முகூர்த்தத்துக்கு அது பழுப்பேறி நிற்கும். அதனால் தோள்மாலைக்குச் சாமந்தி, கார்னேஷன், ரோஜா என்று தாங்கும் பூவாகக் கேட்டுவிட்டு, தலைக்கு மட்டும் மல்லிகை வையுங்கள். இரவு கட்டிய மாலையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் மறுநாள் மதியம்வரை தாங்கும். அக்காவின் இரண்டாவது பெண்ணுக்கு இப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறோம். அவள் மாலைக்கான நாரை நானே உரித்துக் கொடுக்கப் போகிறேன்.

அந்தத் துணிப்பூ மாலைகள் மூன்றும் இன்னும் என் கார் கொட்டகையில் ஒரு பையில் இருக்கின்றன. கல்யாண மாலை வாடினால் மரத்தடியில் போடுவோம், அல்லது ஓடும் தண்ணீரில் விடுவோம். பிளாஸ்டிக்கை உம்கேனி ஆற்றில் விட மனம் வரவில்லை. குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். தாலி ஏறும்போது பிள்ளை கழுத்தில் கிடந்தது, குப்பையில் எப்படிப் போடுவது என்றாள்.