போயா விடுமுறையில் மலைநடை: ஹோட்டன் சமவெளியா, சிவனொளிபாதமா, ரிவர்ஸ்டனா?

வெள்ளிக்கிழமை போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் போதும், கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வியாழன் இரவே வேன்கள் மலைநாட்டுக்குக் கிளம்பிவிடும். அப்படி நெரிசலான நாளில் நடக்க எது நல்லது என்று கேட்டால், ஹோட்டன் சமவெளி என்பேன். ஆனால் முந்தைய இரவே நுவரெலியாவிலோ ஒகியாவிலோ தங்கிவிட வேண்டும்.

காரணம் மூடுபனி. 2,100 மீற்றருக்கு மேலே இருக்கும் அந்தப் புல்வெளியில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனி ஏறிவிடும். 800 மீற்றருக்கும் மேல் ஆழமான ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அப்புறம் வெள்ளைத் திரைதான். நள்ளிரவில் கொழும்பை விட்டால் வாசல் வரிசையிலேயே அந்த நேரம் கரைந்துவிடும். சாரதிக்கும் தூக்கமில்லை, அது இன்னும் ஆபத்து.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறையைப் பிரித்துக் கடதாசிப் பையில் கொட்டித் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூட உரித்து எடுப்பார்கள். அலுத்துக்கொள்ளாதீர்கள். நாம் கொழும்பில் குடிக்கும் களனி கங்கைத் தண்ணீருக்கு இந்த மலைகளும் ஒரு ஊற்று. சாப்பாட்டை வாழையிலையில் கட்டிப்போனால் பிரச்சினையே இல்லை. சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் என்பதால் உள்ளே கூட்டம் கலைந்துவிடும். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் ஒடுக்கமான இடத்தில் மட்டும்தான் முட்டிமோத வேண்டியிருக்கும்.

சிவனொளிபாதம் வேறு விஷயம். அங்கே கூட்டமும் யாத்திரையின் ஒரு பகுதி. முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள், வழியெங்கும் பிளேன்டீக் கடைகள் இருக்கும். ஆனால் போயா இரவில் உச்சிக்குக் கீழே படிக்கட்டில் மணிக்கணக்கில் நிற்க நேரலாம். சூரிய உதயத்தை அங்கிருந்தே பார்க்க வேண்டிவரும். பருவகாலம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக்குடன் முடிகிறது. சனம் வீடு திரும்பும் ஞாயிறு இரவில் ஏறுங்கள்.

சின்னப் பிள்ளைகளும் முழங்கால் வலிக்காரரும் கூட வந்தால், சரி, ரிவர்ஸ்டன். மாத்தளை, ரத்தோட்டை வழியாகப் போகலாம். பிட்டவல பத்தனை என்ற புல்வெளியில் கொஞ்ச நடையிலேயே பள்ளத்தாக்கு கண்முன் விரியும். பாதை ஒடுக்கம், எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். அதனால் பெரிய வேன் வேண்டாம். மழை பெய்திருந்தால் அட்டைகள் இருக்கும். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு இறங்குங்கள்.