ஓசூர் ரோட்டுக் கல் கடையும் தங்கவயல் கல்லறையும்

கல்லறைக் கல் செய்யும் கடைக்கு யாரும் உட்கார்ந்து விமர்சனம் எழுதுவதில்லை. துக்க வீட்டுக்காரர்கள் அவசரத்தில் போவார்கள், கேட்ட விலையைக் கொடுப்பார்கள், அத்தோடு சரி. பெங்களூரு ஓசூர் ரோட்டில் கல்லறைத் தோட்டங்களை ஒட்டி இருக்கும் கல் கடைகளில் ஒன்றைப் பற்றி இது. கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் கடை பெயர் போடவில்லை. சுருக்கமாகச் சொன்னால், பழைய கல்லைக் காப்பாற்றும் வேலைக்கு இவரிடம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். புதுக் கல்லில் தமிழ் எழுத்து வெட்ட வேண்டுமென்றால் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு போக வேண்டும்.

வேலை எங்கள் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தாவின் கல்லறை. அது பெங்களூரில் இல்லை, கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்), மாரிக்குப்பம் பக்கம் இருக்கிறது. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்த முதல் தலைமுறை அவர். 1875-இல் லாவெல் என்கிற ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்ட ஆரம்பித்தார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சில வருஷம் போட்ட பணமே திரும்பாமல் இழுத்து மூடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் சாம்பியன் ரீஃப் என்கிற பாறைப் படிவத்தில் தங்கம் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து ஜனம் கூட்டம் கூட்டமாக வந்தது. மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள்தான் வீடு. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த துரைமார்களுக்கு ஓடு போட்ட பங்களா.

கல்லறையிலும் அதே கணக்குதான். துரைமார் பக்கம் சலவைக்கல் சிலுவை, ஈயம் ஊற்றிய எழுத்து. நம் ஆட்கள் பக்கம் பெரும்பாலும் மண்மேடும் மரச்சிலுவையும். மரத்தைக் கரையான் தின்றுவிட்டது, மேடு மழையில் கரைந்துவிட்டது. மேஸ்திரி வேலை பார்த்தவர்கள், கையில் நாலு காசு இருந்தவர்கள் மட்டும் கல் வைத்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா மேஸ்திரி. அதனால்தான் பழுது பார்க்க ஒரு கல்லாவது இருக்கிறது.

அந்தக் கல்லின் நிலைமை மோசம். அடிமேடை பிளந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகப்பு முழுக்கக் கல்பாசி. அதற்கு மேல், காற்றடிக்கிற மாதங்களில் சயனைட் டம்பிலிருந்து வரும் சாம்பல் நிறத் தூசி. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் மலைமலையாக நிற்கிறதே, அதைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். துபாயில் இருக்கும் என் பெரியம்மா மகன், "அதைத் தூக்கிப் போட்டுட்டு கருப்பு கிரானைட்ல போட்டோவோட வெச்சிடலாம், பணம் நான் தரேன்" என்றான். தங்கவயலில் இருக்கும் மாமாவுக்கும் சம்மதம். புதுக் கல்லுக்கு ஆர்டர் கொடுக்கத்தான் நான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அக்கா, இந்தக் கல்லை எடுத்துட்டு பாலிஷ் போட்ட கல்லு வெச்சா, நேத்து செத்தவர் கல்லறை மாதிரி ஆயிடும். இது கையால வெட்டின கல்லு. சுத்தம் பண்ணி நிமித்தி வெச்சா இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்றார். புதுக் கல் என்றால் அவருக்கு 48,000 ரூபாய் வியாபாரம். சுத்தம் செய்து நிறுத்துவதற்கு அவர் சொன்னது 16,500. வருகிற பெரிய பில்லை வேண்டாம் என்கிற கடைக்காரரை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலைக்கு அவர் அனுப்பிய கல்தச்சரும் மாரிக்குப்பம்காரர்தான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியபோது அவருடைய அப்பாவுக்கு வேலை போனது. தங்கவயல் ஆட்கள் பலரையும் போல இவரும் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வந்து போகிறார். கல் வேலையைக் கற்றது இந்த ஓசூர் ரோட்டில்தான். லீவு நாளில் தன் ஊரிலேயே வேலை என்றதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

அவர் கை வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஆசிட் பாட்டில் இல்லை, கம்பி பிரஷ் இல்லை. கேட்டேன். ஆசிட் ஊற்றினால் சலவைக்கல் உடனே அரிக்கும், கிரானைட்டில் இருக்கும் இரும்புச் சத்து கிளம்பித் துருக்கறை விடும் என்றார். கம்பி பிரஷ் தேய்த்தால் அதன் துணுக்கு கல்லில் ஒட்டி, அடுத்த மழையில் அதுவும் துருப்பிடிக்குமாம். ஈரச் சாக்கைக் கல்லின் மேல் போர்த்தித் தண்ணீர் தெளித்து ஊறவிட்டார். பாசி இளகியதும் மூங்கில் சீவலால் மெதுவாக எடுத்தார், அப்புறம் நைலான் பிரஷ். பாசி பட்டைபட்டையாகக் கழன்று வந்தது. பிரியாணியில் போடுகிற அதே கல்பாசி இனம்தான் என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுத்தமான பிறகும் எழுத்து தெரியவில்லை. வெயிலில் கல் வெறும் சாம்பலாக இருந்தது. "அக்கா, சாயங்காலம் வரைக்கும் இருங்க" என்றார். பொழுது சாய்ந்ததும் போன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தார். வெளிச்சம் படுத்துக்கொண்டு போனதும் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வந்தது. "இங்கே இளைப்பாறுகிறார்." ளை-க்கு மேலே அந்தக் காலத்து யானைத் தும்பிக்கை, றா-வுக்குக் கீழே வளைந்த கால். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு நம் பாட்டிமார் எழுதிய அதே எழுத்து. அதற்குக் கீழே 1911. அடியில், மண்ணுக்குள் புதைந்திருந்த கடைசி வரியில் "மைசூர் மைன் டிம்பர் மேஸ்திரி."

இந்த வரி இருப்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மைசூர் மைன் என்பது தங்கவயல் சுரங்கங்களில் ஒன்று. டிம்பர் மேஸ்திரி என்றால், சுரங்கத்துக்குள் பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும், அதை அப்போது ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கொள்ளுத்தாத்தா அதில்தான் செத்தார் என்பது வீட்டுக் கதை. கல்லில் வருஷம் கிடைத்ததால் சர்ச் அடக்கப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க முடிந்தது. அதில் இறப்புக்குக் காரணம் என்கிற கட்டத்தில் இருப்பது "காய்ச்சல்". மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. துரை சொல்லி மாற்றி எழுதியிருப்பார்கள் என்கிறார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

வெள்ளைக்காரர் கல்லறைகளைப் பட்டியல் போட்டுப் பாதுகாக்க 1976-இல் லண்டனில் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். கல்லில் ஈயத்தைத் திருடிக்கொண்டு போனாலும் எழுத்து அவர்களுடைய ஏட்டில் இருக்கும். நம் பக்கத்துக்கு அப்படி ஓர் ஏட்டை நான் பார்த்ததில்லை. கல் போனால் ஆளும் போன மாதிரிதான். கருப்பு கிரானைட் வைத்திருந்தால் அந்தக் கடைசி வரியை லாரியில் ஏற்றி அனுப்பியிருப்போம்.

மேடை விரிசலில் யாரோ எப்போதோ சிமென்ட் அப்பியிருந்தார்கள். அதைச் சின்ன உளியால் பொறுமையாகக் கொத்தி எடுத்துவிட்டு சுண்ணாம்புக் கலவை வைத்தார். சிமென்ட் இறுகினால் தண்ணீரை உள்ளேயே பூட்டிவைக்கும், சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும் என்றார். எழுத்தை ஆழப்படுத்தலாமா என்று கேட்டேன். தொடாதீர்கள், கருப்பு பெயின்ட்டும் அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். இதுவரைக்கும் பத்துக்குப் பத்து.

இனி குறை. அதே மேடையில் கொள்ளுப்பாட்டிக்கும் ஒரு சின்னப் பலகை வைக்க நினைத்தோம். அதைக் கடையில் மெஷினில் வெட்டினார்கள். கல்லில் ரப்பர் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் உரித்துவிட்டு, மணலைப் பீய்ச்சி அடிக்கிற முறை. இங்கிலீஷுக்குப் பிரச்சினை இல்லை. தமிழில் ண, ன, கொம்பு எல்லாவற்றிலும் சுழி இருக்கிறதே, அந்தச் சுழிக்குள் நிற்கிற பொட்டு ஸ்டிக்கர் மணல் வேகத்துக்குத் தாங்காமல் பிய்ந்து போய்விடும். பாட்டி பெயரில் இருந்த ண அப்படியே உருண்டையான குழியாகிவிட்டது. இரண்டு இடத்தில் புள்ளியை உரிக்க மறந்திருக்கிறார்கள், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிட்டது. கடையில் இருந்த பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, சரிபார்க்க ஆளில்லை. சொன்னதும் கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் காசு கேட்கவில்லை. அதே கல்தச்சரைக் கொண்டு கையால் வெட்டிக் கொடுத்தார். நன்றாக வந்தது, ஆனால் தாமதம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் தருவதாகச் சொன்ன பலகை அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்கு எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பாட்டி இடம் காலியாக இருந்ததில் என் அம்மாவுக்கு வருத்தம். அக்டோபரில் எல்லாக் கடையிலும் இதே கூத்துதான், ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

விலை விவரம்: மெஷின் எழுத்து ஒன்றுக்கு 40 ரூபாய், கை எழுத்து 130. கொ, கோ எல்லாம் ஒரே எழுத்தாகத்தான் கணக்குப் போடுகிறார், புள்ளிக்குத் தனிக் காசு இல்லை. மெஷினில் தும்பிக்கை ளை, பழைய றா கிடைக்காது, அது வேண்டுமென்றால் கைதான். தங்கவயல் போல வெளியூர் வேலைக்கு ஆள் சாப்பாடும் ரயில் செலவும் நம்முடையது, கல் ஏற்றினால் டெம்போ வாடகை தனி. வாசகத்தை வாட்ஸாப்பில் டைப் செய்து அனுப்பாதீர்கள், அவர்கள் கம்ப்யூட்டரில் வேறு ஃபான்டுக்கு மாறும்போது சிதறிவிடும். வெள்ளைத் தாளில் பெரிதாகக் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஸ்டிக்கர் உரித்ததும் மணல் அடிப்பதற்கு முன்னால் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பாதிக்கு மேல் வேண்டாம். ரசீதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தானாகத் தர மாட்டார்.