ஒட்டாத டயருக்கு 310 யூரோ: பெல்ஜியத்தில் சைக்ளோகிராஸ் ஓட்டுபவர்கள் கவனிக்கவும்

சேறு, மணல், புல் என்று ஓடும் சைக்கிள் பந்தயம்தான் சைக்ளோகிராஸ். அதற்கான ரிம்மில், அதாவது சக்கர வளையத்தில், டியூபுலர் டயர் ஒட்டித் தருவதாகச் சொல்லும் ஒரு இணையக் கடைக்கு 310 யூரோ கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் முன்டயர் ரிம்மை விட்டுக் கழன்று, சேற்றில் விழுந்து, தோள் வீங்கி, இப்போது ஒரு கையால் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். நுகர்வோர் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஃபிளாண்டர்ஸில் இருந்துகொண்டு இந்த விளையாட்டில் இறங்கும் நம் ஆட்கள் யாரும் இதே குழியில் விழக் கூடாது, அதற்குத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: டியூபுலர் என்பது டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயர். மற்ற டயர்களைப் போல அதன் ஓரம் ரிம்முக்குள் மாட்டிக்கொள்ளாது, பசை மட்டும்தான் பிடிமானம். இவ்வளவு தொல்லையையும் ஏன் படுகிறோம் என்றால், காற்றை மிகக் குறைத்து ஓட்டலாம். உலக சைக்கிள் பந்தய அமைப்பான யு.சி.ஐ.யின் விதிப்படி டயர் அகலம் 33 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது, ஆகவே அகலத்தில் கிடைக்காத பிடிப்பைக் காற்றழுத்தத்திலும் டயரின் பட்டன்களிலும்தான் (தரையைக் கவ்வும் ரப்பர் முட்டுகள்) தேடியாக வேண்டும். உள்ளே டியூபே இல்லாத ட்யூப்லெஸ் டயரில் காற்றை ரொம்பக் குறைத்தால் திருப்பத்தில் ஓரம் விலகிப் புஸ்ஸென்று காற்று போய்விடும். டியூபுலரில் அந்தப் பயம் இல்லை, வேரிலோ கல்லிலோ ரிம் இடித்தாலும் டியூப் கிள்ளுப்பட்டு ஓட்டையாவது அபூர்வம். என் எடை 72 கிலோ. காய்ந்த புல்லில் 1.8 பார் (காற்றழுத்த அளவு), ஈரத்தில் 1.6, நல்ல சேற்றில் முன்டயரில் 1.4, பின்டயரில் 1.5. இது ஒன்றும் விபரீதமான அளவு இல்லை, என் எடையில் சேற்றில் டியூபுலர் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் இதையொட்டித்தான் சொல்வார்கள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் என்னைத் துரத்தியடித்தார்கள்.

அந்தக் கடையை நம்பியதற்குக் காரணம் ஒரு தொலைபேசி உரையாடல். எடுத்தவர் விலையைப் பற்றியே பேசவில்லை. என்ன எடை, ரிம் கார்பனா அலுமினியமா, எந்த மாதிரிப் பாதையில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். பெல்ஜியத்தின் பந்தய ஊர்களான நாமூர் மாதிரி சரிவும் சேறுமா, கோக்ஸைடே மாதிரி மணலா என்று கேட்டார். சேறு என்றதும், உயரமான பட்டன்கள் இடைவெளி விட்டு இருக்கும் பருத்தி டயரை அவரே பரிந்துரைத்தார், மணலுக்கென்றால் கிட்டத்தட்ட வழுவழுப்பான டயர் போதும் என்றார். எல்லாம் சரியான பேச்சு. ரிம்மிலும் டயரிலும் பல பூச்சு பசை, ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் காய வேண்டும், நடுவில் பெல்ஜியன் டேப் (இடைவெளியை நிரப்பும் துணி நாடா) வைத்துத்தான் ஒட்டுவேன், அதனால் காத்திருக்க வேண்டும் என்றார். அவசரப்படுத்தாமல் காத்திருக்கச் சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? டயர்கள் வரிசையாகத் தொங்கிக் காயும் படம் ஒன்றும் அனுப்பினார். கார்டு வேண்டாம், வங்கிப் பரிமாற்றமாகவே போடுங்கள் என்றார். இரண்டு டயரும் கூலியும் சேர்த்து 310 யூரோ போட்டேன், ரிம்களையும் என் செலவில் அனுப்பினேன்.

விழுந்த இடம் ஒரு பக்கம் சாய்ந்த புல் சரிவு, வேகம்கூட இல்லை. டயர் பாதி ரிம்மில், பாதி ஃபோர்க்கில் சிக்கி நின்றது. வீட்டுக்கு வந்து முழுவதும் உரித்துப் பார்த்தேன். உரிப்பது என்பதே தப்பு, கையில் தானாக வந்தது. நன்றாக ஒட்டிய டியூபுலரைக் கழற்றக் கை நோகும், சில நேரம் அடித்துணியே கிழியும். இங்கே டயரின் அடித்துணி புதுசு போல வெள்ளையாக இருந்தது, பசை பட்ட சுவடே இல்லை. ரிம்மில் சாலை சைக்கிளுக்கு ஒட்டுகிற மெல்லிய இருபக்க டேப் ஒரே ஒரு சுற்று. என் ரிம்மின் வளைவு சாலை டயருக்கானது, 33 மி.மீ. டயரின் அடிப்பக்கம் அதில் ஓரங்களில் மட்டும்தான் உட்காரும், நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பெல்ஜியன் டேப்பும் பூச்சு மேல் பூச்சாகப் பசையும். அது எதுவுமே இல்லை! பின்சக்கரமும் அதே கதை. 310 யூரோவில் பசைக்கு ஒரு யூரோகூடச் செலவாகியிருக்காது.

படங்களோடு எழுதினேன். முதல் பதில்: "எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள்?" 1.4 என்றேன். "அதுதான் காரணம், மிகக் குறைவு." சேற்றுக்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேற்று டயரை விற்றவர் சொல்கிற பதில் இது. ஒழுங்காக ஒட்டியிருந்தால் காற்றே இல்லாவிட்டாலும் டயர் ரிம்மைப் பிடித்திருக்க வேண்டும், அதுதானே ஒட்டுவதன் அர்த்தம்? அடுத்த பதில், நீர் பீய்ச்சிக் கழுவியிருப்பீர்கள் என்று. அதற்கடுத்தது, டயர் தயாரித்தவர்களைக் கேளுங்கள் என்று. போன் செய்தால் ஒட்டுகிறவர் விடுமுறையில் இருக்கிறாராம், ஆனால் அந்தக் குரல் அதே ஆளின் குரல். கடைசியாக, உங்கள் ஆர்டருக்கென்றே செய்தது, திருப்பி எடுக்க முடியாது, அடுத்த முறை வாங்கும்போது 15 யூரோ தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 310 யூரோ போய், தோளும் போய், எனக்கு 15 யூரோ கூப்பன். அப்புறம் தேடிப் பார்த்தால், எனக்கு அனுப்பிய அந்தப் படம் அவர்கள் தளத்திலேயே பழைய பதிவு ஒன்றில் இருக்கிறது.

ஆர்டருக்கென்று செய்த பொருளுக்கு 14 நாளில் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமைதான் கிடையாது. பழுதுக்கான 2 வருடச் சட்ட உத்தரவாதம் அதற்கும் உண்டு. இதை எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

எந்தப் பாதைக்கு எந்த டயர், எவ்வளவு அழுத்தம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஒத்துழைக்கவில்லை. இதை மட்டும் இப்போதைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம், கார்டில் கட்டினால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கவாவது முடியும். ஒட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் ரிம்மின் படத்தையே கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். முடிந்தால் பந்தயக்காரர்கள் நேரில் போகும் பட்டறையில் கொடுங்கள், அல்லது டியூபுலரே வேண்டாம், ட்யூப்லெஸ் போட்டு 1.7 பாரில் ஓட்டுங்கள். ஒட்டி வந்த டயர் எதுவானாலும் காற்றை முழுதாக இறக்கிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள், சுற்றிலும், வால்வுக்கு எதிர்ப்பக்கமும். ஓரத்தில் ஒரு இடத்தில் இடைவெளி தெரிந்தாலும் அதில் ஏறாதீர்கள்.

இப்படி டேப் மட்டும் வைத்து ஒட்டிய டயர் வேறு யாருக்காவது வந்திருந்தால் படத்தோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக் கொடுக்கிறேன்.