தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட்: எட்டு மாதம் போட்டுப் பார்த்ததில்

காங்கேயத்தில் கிரில், கேட் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாகக் கைக்கண்ணாடிதான், அதாவது வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படாமல் முகத்துக்கு முன்னால் கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி. இடது கையில் கண்ணாடி, வலது கையில் ராடைப் பிடிக்கும் ஹோல்டர். நீளமாக ஓட்டும்போது அது போதும். தொல்லை எல்லாம் புள்ளி வைக்கும்போதுதான், அதாவது முழுசாக ஓட்டுவதற்கு முன் சட்டம் நகராமல் இருக்க அங்கங்கே சின்னதாகப் பற்றவைக்கும்போது. ஒரு கை சட்டத்தைப் பிடித்தாக வேண்டும், அப்போது கண்ணாடியை எதில் பிடிப்பது? கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, டக்கென்று ஒரு புள்ளி. நாளைக்கு நூறு புள்ளி வைத்தால் நாலைந்தாவது கண்ணில் அடித்துவிடும்.

அடித்த உடனே ஒன்றும் தெரியாது. சாப்பிட்டுப் படுத்த பிறகு, நடுராத்திரியில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல அறுக்கும். என்னிடம் தொழில் பழகும் பையனுக்கு அப்படி ஆனது. வீட்டில் உருளைக்கிழங்கை நறுக்கி வைத்திருக்கிறார்கள், தாய்ப்பாலும் விட்டிருக்கிறார்கள். விடிந்ததும் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, இனிமேல் கண்டதையும் விடாதீர்கள் என்று கண்டித்தார். அந்த வாரமே கோவையில் இந்த ஹெல்மெட்டை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். வெளிச்சத்தை உணர நான்கு சென்சார், ஷேடு (கண்ணாடி எவ்வளவு கறுக்கும் என்ற அளவு) 9 முதல் 13 வரை.

சும்மா இருக்கும்போது கண்ணாடி இளம்பச்சைதான், ராடு நுனி எங்கே நிற்கிறது என்று நன்றாகத் தெரியும். ராடு நுனியில் ஆர்க் (வெல்டிங் தீப்பொறி) பிடித்ததும் கறுத்துவிடும். 12 கேஜ் ராடை 80 ஆம்பியரில் ஓட்டும்போது ஷேடு 10 வைக்கிறேன், அதைவிடத் தடிமனான 10 கேஜுக்கு 11. இரண்டு கையும் நமக்கு. புள்ளிகள் நினைத்த இடத்தில் விழுவதால் கேட்டுச் சட்டம் கோணல் போவதே குறைந்துவிட்டது. இதற்காகவே காசு தகும்.

குறைகளும் உண்டு. குழாய்களுக்கு நடுவே தலையை நுழைத்து வேலை பார்க்கும்போது சென்சாரைக் குழாய் மறைத்தால் கறுக்காது. எனக்கு இரண்டு முறை பளீரென்று அடித்தது. அங்கே மட்டும் பழைய கறுப்புக் கண்ணாடிக்குப் போய்விடுகிறேன். சூரிய மின்தகடு இருந்தாலும் உள்ளே பட்டன் பேட்டரியும் இருக்கிறது. அது இறங்கினால் கறுப்பது தடுமாறும், அதனால் ஒன்று எப்போதும் கையிருப்பில் வையுங்கள். முன்னால் உள்ள பிளாஸ்டிக் தகட்டில் பொறி தெறித்து மங்கும், அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் கிரைண்டிங் குமிழ்தான், கிரைண்டர் போடும்போது கறுக்காமல் இருக்க வைத்திருப்பது. அதைத் திருப்பினால் கண்ணாடி கறுக்கவே கறுக்காது. பையன் கசடைத் தட்டி, கிரைண்டர் போட்டுவிட்டு, குமிழை மறந்து அப்படியே ராடை உரசிவிட்டான். இப்போது குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். காலையில் முதல் வேலை, லைட்டரைச் சென்சார் முன்னால் தட்டி, கறுக்கிறதா என்று பார்ப்பது.

அப்புறம், ஹெல்மெட் புகையைத் தடுக்காது. கைகள் விடுபட்டதும் நம்மை அறியாமல் இன்னும் குனிகிறோம், முகம் புகைக்குள்ளேயே போய்விடுகிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பாக இருந்தால் துத்தநாகப் புகையில் அன்று ராத்திரியே குளிர்க்காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான பக்கம் நின்று ஓட்டுங்கள். விடுபட்ட கைக்கும் தோல் கையுறை வேண்டும். அது வியர்வையில் நனைந்துவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள், ஆர்க் பிடிக்காமல் இருக்கும்போதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கிறது.

பையனுக்கும் ஒன்று வாங்கியாயிற்று. கைக்கண்ணாடி ஆணியில் தொங்குகிறது. கேட்டுக்கு அளவு சொல்ல வந்து பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.