கர்னல் தின்ற மெமரிக்குக் கணக்கு கேட்க: அலாக்இன்ஃபோ தேறுமா?

லினக்ஸ் சர்வரில் ஃப்ரீ கட்டளை 16 ஜிபி மெமரியும் தீர்ந்தது என்கிறது. ஓடும் புராசஸ்களைக் கூட்டினால் 9 ஜிபிகூடத் தேறவில்லை. மெமரி நிலவரம் சொல்லும் மெம்இன்ஃபோ ஃபைலில், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தனக்கென எடுத்து, நெருக்கடியிலும் மீட்க முடியாத மெமரியைக் காட்டும் எஸ்அன்ரிக்ளெய்ம் வரி மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறது. கர்னலின் சிறு மெமரித் துண்டுகளை (ஸ்லாப்) பட்டியலிடும் ஸ்லாப்டாப்பைத் திறந்தால், 1024 பைட் துண்டுகளுக்கான 'கேமேலாக்-1கே' என்ற பொதுப் பெயர்தான் கிடைக்கும். அதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அது சொல்லாது. அதைச் சொல்வதற்காக 2024-இல் லினக்ஸ் 6.10-இல் வந்தது மெமரி அலொகேஷன் ப்ரொஃபைலிங்: கர்னல் கோடின் எந்த வரி எவ்வளவு மெமரி எடுத்தது என்று கணக்கு வைக்கும் வசதி. அந்தக் கணக்கைக் காட்டும் ஃபைல்தான் அலாக்இன்ஃபோ.

அந்த வசதியோடு கர்னல் பில்ட் ஆகியிருக்க வேண்டும். பூட் வரியில் சிஸ்சிடிஎல்.விஎம்.மெம்_ப்ரொஃபைலிங்=1 என்று கொடுங்கள். 0 கொடுத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யலாம்தான். ஆனால் அதற்கு முன் எடுத்த மெமரி கணக்கில் வராது. 'நெவர்' கொடுத்தால் அடுத்த ரீபூட் வரை ஆன் செய்யவே வழியில்லை. செலவு? 4 கேபி மெமரிப் பக்கம் ஒன்றுக்கு 8 பைட், அதாவது ஜிபிக்கு 2 எம்பி. ஸ்லாப் ஆப்ஜெக்ட்டுகளுக்கும் தலைக்கு 8 பைட். புரொடக்‌ஷன் சர்வரிலேயே தாங்கும்.

ரூட்டாக இருந்து ப்ராக் டைரக்டரியில் உள்ள அலாக்இன்ஃபோ ஃபைலைப் படித்து, சார்ட் கட்டளைக்கு ஜி ஆப்ஷன் கொடுத்து வரிசைப்படுத்தினால் பெரிய மீன்கள் அடியில் வந்து நிற்கும். ஒவ்வொரு வரியிலும் பைட், எண்ணிக்கை, சோர்ஸ் ஃபைல், வரி எண், ஃபங்ஷன் பெயர். 67108864, 65536 என்று ஒரு வரி இருந்தால் வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 1024 பைட். கேமேலாக்-1கேயை நிரப்பியது யார் என்று சோர்ஸ் வரியோடு தெரிந்துவிட்டது. 10 நிமிட இடைவெளியில் இரண்டு நகல் எடுத்து டிஃப் போடுங்கள். ஏறிக்கொண்டே போகும் வரிதான் குற்றவாளி. இந்த ஒரு காரியத்துக்கே இதை வைத்துக்கொள்ளலாம். கர்னல் மாட்யூலைக் கழற்றும்போது அது விடாமல் வைத்திருந்த பைட்டுகளை டிமெசெக்கில் (கர்னல் லாகில்) காட்டிக்கொடுப்பது கூடுதல் லாபம்.

குறையும் உண்டு. வரியைச் சொல்லும், கூப்பிட்டவரைச் சொல்லாது. ஒரு டிரைவர் எல்லா அலொகேஷனையும் தன் சொந்த ஹெல்பர் ஃபங்ஷன் வழியாகச் செய்தால், மொத்தக் கணக்கும் அந்த ஒற்றை வரியில் குவியும். அங்கே கர்னல் ஃபங்ஷன்களைப் பின்தொடரும் எஃப்டிரேஸ் போட்டு, யார் யாரைக் கூப்பிட்டார் என்ற வரிசையை (ஸ்டாக்) பிடிக்க வேண்டியதுதான்.

கர்னலில் மெமரி லீக்கைத் தேடும் கேமெம்லீக் இருக்கையில் இது எதற்கு என்று கேட்கலாம். கேமெம்லீக் 2009-லிருந்தே இருக்கிறது, ஸ்டாக்கோடு சொல்லும். ஆனால் யாருமே சுட்டாத பிளாக்கை மட்டும்தான் லீக் என்று எடுத்துக்கொள்ளும். ஏதோ ஒரு லிஸ்ட்டில் தொங்கிக்கொண்டே பெருகும் ஆப்ஜெக்ட் அதன் கண்ணில் படாது. பழைய பாயின்டர் (மெமரி முகவரி) மதிப்பு ஏதோ ஒரு புராசஸின் ஸ்டாக் மெமரியில் மிச்சமிருந்தாலும் கோட்டை விடும். பக்கம் பக்கமாக நேரடியாக எடுத்த மெமரியை அது பின்தொடர்வதே இல்லை, அதற்குப் பேஜ்ஓனர் என்ற வேறொரு கருவி. ஆகவே கேமெம்லீக்கை லேபில் வையுங்கள்: அதன் ஃபைலில் 'கிளியர்' எழுதி, டெஸ்ட்டை ஓட்டி, 5 நொடிக்கு மேல் பொறுத்து, 'ஸ்கேன்' இரண்டு முறை எழுதிப் படியுங்கள். 5 நொடி வயதாகாத பிளாக்கை அது ரிப்போர்ட் செய்யாது. தவறிக்கூட 'ஆஃப்' எழுதிவிடாதீர்கள். ரீபூட் செய்யாமல் அது மறுபடி எழாது.