ஸ்பொலேத்தோ – நோர்ச்சா பழைய ரயில்பாதை: மலைச் சைக்கிளில் பல பருவங்கள் ஓட்டிய பின் சொல்லக்கூடியவை

இத்தாலியில் சைக்கிள் ஓட்டுவது என்றாலே தொஸ்கானாவின் வெள்ளை மண்சாலைகளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். பக்கத்து மாநிலமான உம்ப்ரியாவில், ஸ்பொலேத்தோ நகரத்திலிருந்து நோர்ச்சா வரை போகும் பழைய ரயில்பாதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலைச் சைக்கிள் வைத்திருப்பவருக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. மற்ற இடங்களில் கால்பலம்தான் சோதிக்கப்படும். இங்கே ஏற்றம் பொருட்டே இல்லை. ஆளைத் திணறடிப்பவை இரண்டு: இருட்டும் ஜல்லியும். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்களே தவிர, பாதை இன்னும் ரயில்பாதையாகவே நடந்துகொள்கிறது.

ரயில் ஓடியது 1926 முதல் 1968 வரை. சுவிஸ் பொறியாளர் எர்வின் தோமன் வடிவமைத்த 51 கிலோமீட்டர் பாதை. தண்டவாள இடைவெளி 950 மில்லிமீட்டர் மட்டுமே கொண்ட குறுகிய வழித்தடம். 19 சுரங்கங்கள், 24 பாலங்கள். அதிகபட்சச் சரிவு ஆயிரத்துக்கு 45, அதாவது நாலரை சதவீதம். மலையேற்றப் பாதைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சரிவைத் தாண்டாமல் மலையேறுவதற்காகப் பாதை தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது, சுரங்கத்துக்குள்ளேயே வளைகிறது. வளைந்த சுரங்கத்தில் மறுமுனை வெளிச்சம் தெரியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்பொலேத்தோவிலிருந்து முதல் ஒன்பது, பத்து கிலோமீட்டர் விடாத மிதமான ஏற்றம். உச்சியில் கப்ரரேச்சா சுரங்கம், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். அதைத் தாண்டினால் பாலங்களும் குட்டிச் சுரங்கங்களுமாக ‘நேரா’ என்ற ஆற்றின் பள்ளத்தாக்குக்கு இறங்கி, சாந்த் அனத்தோலியா தி நார்கோ ஊரை அடையலாம். அங்கிருந்து ஆற்றை ஒட்டியே மேல்நோக்கி, பியேதிபத்தேர்னோ, போர்கோ செரேத்தோ, த்ரிபோன்சோ பக்கமாகப் போய் நோர்ச்சா. பாதையின் அழகும் ஆபத்தும் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். இரண்டாம் பாதி ஆற்றோரச் சவாரி; குடும்பத்தோடு வருபவர்களுக்கு அது மட்டுமே போதும்.

சுரங்கத்துக்கான விளக்கு

மொபைல் டார்ச்சை நம்பி உள்ளே போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கப்ரரேச்சாவை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் தரை முழுக்கக் கருங்கும்மிருட்டு. ஹேண்டில்பாரில் 500 லூமனுக்குக் குறையாத விளக்கு ஒன்று, பையில் 200 லூமன் அளவில் மாற்று விளக்கு ஒன்று. இரண்டும் முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஹெல்மெட் விளக்கு மட்டும் போதாது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் ஒளி, குழியின் நிழலை மறைத்துத் தரையைத் தட்டையாகக் காட்டும். ஈரக் குளிரில் நம் மூச்சுப் புகையே வெள்ளைத் திரையாக முன்னால் நிற்கும். ஹேண்டில்பாரிலிருந்து தாழ்வாக அடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழும். அந்த நிழலைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

பின்பக்கச் சிவப்பு விளக்கை மினுக்காமல் நிலையாக எரிய விடுங்கள். இருட்டில் மினுக்கும் விளக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பின்னால் வருபவரால் கணிக்க முடியாது. எதிரே நடந்து வருபவர்களும் உண்டு, சிலர் கையில் விளக்கே இருக்காது. முன்விளக்கைத் தாழ்த்தி, மணியடித்து, வேகத்தைக் குறையுங்கள். சுவரோரம் தண்ணீர் ஓடும் இடங்களில் மண் அரித்திருக்கும். அதனால் நடுவே ஓட்டுவது நல்லது.

கோடையிலும் உள்ளே பத்து டிகிரி சுற்றளவில்தான் இருக்கும். வெளியே முப்பதைத் தாண்டிய வெயிலில் வியர்த்துப்போய் நுழைந்தால் உடம்பு நடுங்கிவிடும். மடித்தால் கைக்குள் அடங்கும் காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று போதும், வாசலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி மூடுபனி பிடிக்கும், இரண்டு நொடி கண் தெரியாது. பிரேக் டிஸ்க் மேல் நீர் சொட்டியிருந்தால் முதல் அழுத்தத்தில் பிடிப்பு குறைவாக இருக்கும், கூச்சலும் போடும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து உலர்த்திவிட்டுத்தான் இறக்கத்தில் விட வேண்டும்.

உண்மையான விபத்துகள் நீளச் சுரங்கத்தில் நடப்பதில்லை. அங்கே எல்லோரும் பயந்து மெதுவாகத்தான் போகிறார்கள். அதற்குப் பின் வரும் இறக்கத்தில் உள்ள குட்டிச் சுரங்கங்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. நல்ல வெயில், நல்ல சரிவு, மணிக்கு 25, 30 கிலோமீட்டர், கண்ணில் கருப்புக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் எதுவும் தெரியாது, அடியில் ஜல்லி மட்டும் உருளும். வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறும் கண்ணாடியும் இதற்கு உதவாது. அது தெளிய அரை நிமிடமாவது வேண்டும், சுரங்கம் அதற்குள் முடிந்துவிடும். இந்த இறக்கம் முழுதும் நிறமற்ற கண்ணாடிதான் சரி.

கப்ரரேச்சா சில காலங்களில் பராமரிப்புக்காகவோ வேறு காரணங்களுக்காகவோ மூடப்படலாம். ஸ்பொலேத்தோ சுற்றுலா அலுவலகத்தில் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பத்து கிலோமீட்டர் ஏறிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதைவிட அது மேல்.

ஜல்லியும் டயரும்

ரயில்பாதைக்குப் போடும் ஜல்லியை வேண்டுமென்றே கூர்முனையோடு உடைப்பார்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு தண்டவாளக் கட்டையை நகரவிடாமல் பிடிப்பதற்கு அது. கட்டையும் எடையும் போய்விட்டால் அதே கல் காலுக்கடியில் உருளும், டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். பாதையில் பல இடங்களில் மேலே பொடிக்கல் பரப்பிச் சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் இடையிடையே பழைய ஜல்லி வெளியே தெரிகிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் அது கொஞ்சம் கூடும்.

29 அங்குலச் சக்கரத்துக்கு 2.25 முதல் 2.4 அங்குல அகல டயர், பக்கச்சுவர் தடிப்பான ரகம். 75 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரியாக வரும். இதைவிடக் கூட்டினால் கல்லில் துள்ளும், குறைத்தால் விளிம்பு கல்லில் இடித்து ‘பாம்புக்கடி’ பஞ்சர் விழும். ட்யூப்லெஸ் என்றால் துளையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் சக்கரத்துக்கு 100 மில்லி. வெயில் காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் அது தாங்காது. கிளம்புமுன் வால்வைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது. பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் அடைக்காது. அதற்குத் தனியாகப் பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு விரல் நீளத் துண்டும் ஒரு உதிரி ட்யூபும் வேண்டும். துண்டை உள்ளே வைத்து ட்யூபைப் போட்டு 20 பி.எஸ்.ஐ. அடித்தால் பள்ளத்தாக்கு வரை போய்ச் சேரலாம்.

சஸ்பென்ஷன் முன்னால் 100 மில்லிமீட்டர் இருந்தால் போதும், பின்னால் தேவையே இல்லை. 40 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் சைக்கிளில் வருபவர்களும் பாதையை முடிக்கிறார்கள். மணிக்கட்டு வலியோடு முடிக்கிறார்கள். ஓட்டும் முறையும் கொஞ்சம் மாற வேண்டும். ஜல்லியில் ஒரு கியர் கடினமாக வைத்து மெதுவாக மிதியுங்கள், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன்சக்கரம் நாலு பக்கமும் அலைந்தால் அலையட்டும். அதைத் திருப்பித் திருப்பி நேராக்க முயன்றால்தான் விழுவீர்கள்.

இந்தப் பாதையின் நீண்டகாலச் சேதம் டயரில் இல்லை, சைக்கிளின் திருகாணிகளில். மணிக்கணக்கான சின்ன அதிர்வில் தண்ணீர்க் குப்பித் தாங்கியின் ஆணி, பிரேக் காலிப்பர் ஆணி, விளக்குப் பிடிப்பான் எல்லாம் தளரும். குப்பித் தாங்கிக்கு 3 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், மேலே போனால் சட்டத்தின் மரை போய்விடும். மரையில் நீல நிறத் திரெட்லாக் பசை ஒரு சொட்டு விட்டால் தொல்லை தீர்ந்தது. சுண்ணாம்புக்கல் தூசி வெள்ளை மாவாகச் செயினில் ஒட்டும். எண்ணெய் போட்டால் அரைக்கும் பசையாகிவிடும், மெழுகு வகைதான் இங்கே ஒத்துவரும்.

ஜிபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. சுரங்கத்துக்குள் சிக்னல் போய்விடும். கருவி நுழைவாயிலையும் வெளிவாயிலையும் நேர்கோட்டால் இணைக்கும், தூரம் குறைவாக வரும். சக்கரத்தில் மாட்டும் வேக சென்சார் இருந்தால் அது நேராகும். வழி தவற வாய்ப்பில்லை, இருப்பது ஒரே பாதை.

பள்ளத்தாக்கும் அதன் பிறகும்

சாந்த் அனத்தோலியாவில் நிறுத்தித் தண்ணீர் நிரப்புங்கள். ஸ்பொலேத்தோவிலிருந்து இங்கே வரும்வரை ஒன்றரை லிட்டராவது கையில் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் நாருக்காக ஹெம்ப் எனும் சணல் வகைப் பயிர் நிறைய இருந்தது, ஊரில் அதற்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே காஸ்தெல் சான் ஃபெலிச்சே. அங்குள்ள 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் முகப்பில் துறவி டிராகனைக் கொல்லும் புடைப்புச் சிற்பத்தைச் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்க்கலாம். வல்லோ தி நேரா என்ற ஊர் மேட்டில் இருக்கிறது. கொஞ்ச தூரம்தான், ஆனால் நிஜமான செங்குத்து. 32 பல் முன் பற்சக்கரமும் 50 பல் பின் பற்சக்கரமும் இங்கேதான் முதல்முறையாக வேலைக்கு வரும்.

சாப்பாட்டு நேரத்தைக் கணக்கில் வைத்தே கிளம்ப வேண்டும். உணவகச் சமையலறைகள் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரைக்கு மூடிவிடும். மளிகைக் கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை அடைப்பு. மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் காபிக்கடைதான் கதி.

2016 அக்டோபர் 30 நிலநடுக்கத்தில் நோர்ச்சாவின் புனித பெனடிக்ட் பேராலயம் இடிந்து முகப்பு மட்டும் நின்றது. ரயில்பாதையின் மேற்பகுதியிலும் பாறைச் சரிவுகள் ஏற்பட்டன. த்ரிபோன்சோவைத் தாண்டிய பகுதியில் எது திறந்திருக்கிறது, எங்கே தார்ச்சாலையில் ஏற வேண்டும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அதனால் முதல்முறை வருபவர்களுக்கு நோர்ச்சாவை நான் பரிந்துரைப்பதில்லை. பன்றி இறைச்சிப் பதனத்துக்கும் கருப்பு டிரஃபிள் எனும் நிலத்தடிக் காளானுக்கும் பேர்போன ஊர்தான், ஆனால் அதைக் காரில் போய்ச் சாப்பிடலாம்.

மாறாக ஒரு சுற்று. ஸ்பொலேத்தோ, கப்ரரேச்சா, சாந்த் அனத்தோலியா, ஆற்றோரமாகப் பியேதிபத்தேர்னோ, அங்கிருந்து ஃபோர்கா தி செர்ரோ கணவாய் வழியே பழைய சாலையில் ஸ்பொலேத்தோ. மொத்தம் 45 கிலோமீட்டர் அளவு. கணவாய் 700 மீட்டருக்குச் சற்று மேலே. பள்ளத்தாக்கிலிருந்து நானூறு மீட்டர் ஏற்றம், தார்ச்சாலை. வாகனங்கள் எல்லாம் கீழே புதிய சுரங்கச் சாலையில் போய்விடுவதால் இந்தப் பழைய சாலை பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். வரைபடச் செயலி குறுக்குவழி என்று அந்தப் புதிய சுரங்கத்தைக் காட்டினால் கேட்காதீர்கள், சைக்கிளுக்கு அங்கே அனுமதி இல்லை. கணவாயை மதிய வெயிலில் ஏற நேராதபடி காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.

கரடுமுரடான பாதை வேண்டும் என்பவர்களுக்கு ஸ்பொலேத்தோவுக்கு மேலே மோந்தெலூக்கோ மலை இருக்கிறது. உச்சி 800 மீட்டர், மேலே பழமையான ஓக் தோப்பு. இப்படிப்பட்ட புனிதத் தோப்புகளில் மரம் வெட்டத் தடை விதித்த கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இந்த ஊருக்குப் பக்கத்தில் கிடைத்ததுதான். அங்கிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில் சுண்ணாம்புப் பாறைப் படிகள் வரும். இத்தாலிய மலையேற்றக் கழகம் சைக்கிள் பாதைகளுக்கு வைத்திருக்கும் அளவுகோலில் ரயில்பாதையை ‘நடுத்தரத் திறன்’ என்றுதான் சொல்வேன், இவற்றை ‘நல்ல திறன்’, சில இடங்களில் அதற்கும் மேல். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் ரெசின் பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிப் பிடிப்பை இழக்கும். அழுத்திப் பிடித்து, முழுதாக விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். நடப்பவர்களும் இதே பாதையில் வருவார்கள், வழிவிட வேண்டியது நாம்தான்.

மாதங்களில் ஏப்ரல் நடு முதல் ஜூன் நடு வரையும், செப்டம்பர் நடு முதல் அக்டோபர் வரையும் சிறப்பு. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை ஸ்பொலேத்தோவில் 1958 முதல் நடக்கும் ‘இரு உலகங்கள்’ கலைவிழா. அறை வாடகை தாறுமாறாக ஏறும். இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும், மோந்தெலூக்கோ பக்கம் போனால் ஆரஞ்சு நிற மேலங்கி அவசியம். மேய்ச்சல் நிலங்களில் வெள்ளை மரெம்மா நாய்கள் ஆட்டுமந்தையைக் காக்கும். அவை குரைத்து வந்தால் இறங்கி, சைக்கிளை இடையில் வைத்துக்கொண்டு, கண்ணை நேராகப் பார்க்காமல் மந்தையை விட்டு விலகி நடக்க வேண்டும். மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும்.

ரோம் – அங்கோனா ரயில் தடத்தில் ஸ்பொலேத்தோ இருக்கிறது. சைக்கிள் சின்னம் போட்ட பிராந்திய ரயிலாகப் பார்த்து ஏறுங்கள்; சைக்கிளுக்குத் தனிச் சீட்டு மூன்றரை யூரோ, அதே நாளில் திரும்பவும் செல்லும். ஞாயிறு மாலை ரோமுக்குத் திரும்பும் ரயில்களில் சைக்கிள் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், கடைசி ரயிலுக்கு முந்தினதைப் பிடிக்கப் பாருங்கள்.